டிஎக்ஸ்7: பழையதா, இரண்டாவதா?

போன வாரம் என் பழைய யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் (ஒலிகளை மின்னணுவில் உண்டாக்கும் கீபோர்டு) பழுதுக்குப் போய் வந்தது. பெரிய வியாதி ஒன்றும் இல்லை. உள்ளே பலகையில் பற்றவைத்திருக்கும் பேட்டரி ஆயுசு முடிந்துவிட்டது. அதைக் கழற்றினால் நினைவில் இருக்கும் 32 குரல்களும் (பியானோ, பேஸ் என்று சேமித்து வைத்த ஒலிகள்) போய்விடும் என்று தெரிந்தும், கணினியில் எடுத்து வைக்காமல் கொடுத்தது என் சோம்பல். 14 கிலோ இரும்பை மூன்று மாடி ஏற்றியதில் இடுப்பும் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, கோயில் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருவன் போன் செய்தான்: "அண்ணே, டிஎக்ஸ்7 ஒண்ணு வருது, டிஎக்ஸ்7 டூ ஒண்ணு வருது. எதை வாங்கட்டும்?" எரிந்து விழுந்துவிட்டேன். பாவம். அவன் கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்லத்தான் இது.

எஃப்எம் (ஓர் ஒலியலை இன்னொன்றைக் குலுக்கிப் புது ஒலி உண்டாக்கும் முறை), ஆறு ஆபரேட்டர் (அந்த அலைகளை உண்டாக்குபவை), 32 அல்காரிதம் (அவற்றைக் கோக்கும் விதங்கள்) எல்லாம் அவனுக்கே தெரியும். பழையது (டிஎக்ஸ்7) 1983, இரண்டாவது (டிஎக்ஸ்7 டூ) 1987. இரண்டையும் பல வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பட்டியல் போட்டால் இரண்டாவதுதான் ஜெயிக்கும். 64 குரல் நினைவு, ஒரே நேரத்தில் இரண்டு குரலைச் சேர்த்து வாசிக்கும் வசதி, ஸ்டீரியோ, இருட்டில் தெரியும் திரை. பழையதில் திரைக்குப் பின்னால் விளக்கே கிடையாது. டார்ச் அடித்துத்தான் படிக்கிறேன். கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மிடியில் (வாசிப்பதை எண்களாகக் கணினிக்கு அனுப்பும் முறை) உச்ச அளவான 127 வராது. அதை வைத்துக் கணினியில் இருக்கும் பியானோவை வாசித்தால், குழந்தை தூங்கும் வீட்டில் வாசிக்கிற மாதிரியே இருக்கும். இரண்டாவதில் ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனித்தனியாக நகர்த்தும் வசதிகூட உண்டு. ஒரு வாரம் ஆசையாக விளையாடினேன், அப்புறம் தொடவில்லை.

விஷயம் பழையதில் வரும் இரைச்சல்தான். என்னுடைய பழையது ஜப்பான் மாடல், 100 வோல்ட். காலடியில் வீட்டு மின்சாரத்தை அதற்குக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எப்போதும் சூடாகக் கிடக்கும். முதல் வருடம் முழுக்க அதன்மேல்தான் பழி போட்டேன். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினேன், எர்த் இழுத்தேன், கேபிள் மாற்றினேன். 'உர்ர்' போய்விட்டது, 'ஸ்ஸ்' அப்படியே நின்றது. அது மின்சாரத்தின் குற்றம் இல்லை, பிறவிக் குணம். பழையதில் எண்ணை ஒலியாக மாற்றும் சிப் 12 பிட், 4096 படிகள்தான். சத்தம் குறையக் குறையப் படிகளையும் சிறிதாக்கிக்கொள்ளும் தந்திரம் ஒன்று உள்ளே உண்டு. ஆனாலும் ஒலி ஓயும் இடத்தில் மணல் தட்டும். இரண்டாவதில் 16 பிட், 65,536 படிகள். அங்கே மணல் இல்லை.

நியாயமாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்தேன். பழையதன் குரல்களை இரண்டாவது அப்படியே வாங்கிக்கொள்ளும் என்பதால் இரண்டிலும் ஒரே 'ஈ.பியானோ 1', ஒரே கேபிள், ஒரே சத்த அளவு. நெஞ்சில் குத்துகிற அந்த 'டிங்' இருக்கிறதே, அது 14 மடங்கு வேகத்தில் ஓடும் ஒரு ஆபரேட்டர் இன்னொன்றைக் குலுக்குவதால் வருவது. ஓங்கி அடித்தால் கண்ணாடி, மெல்லத் தொட்டால் மரம். அடிக்கும் நொடியில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. சொல்கிறேன் என்று சவால் விடுபவர்களை நம்பவும் மாட்டேன். பேஸ் குரலிலும் அதே கதைதான்.

ஆனால் நடு 'சா'வை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். மூன்றாவது, நான்காவது நொடியில் பழையது ஒலியோடு சேர்ந்து லேசாகச் சொரசொரக்கும், ஆற்றுமணலில் செருப்பை இழுத்து நடப்பதுபோல. இரண்டாவது வழுக்கிக்கொண்டு இறங்கி, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுவிடும். எது சுத்தம் என்று கேட்டால் இரண்டாவதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் மெதுவான பாட்டில், இரண்டு சுரத்துக்கு நடுவில் எதுவுமே இல்லாத இடத்தில், அந்த மணல்தான் எனக்குத் தரை. இரண்டாவதில் வாசிக்கும்போது அந்த இடம் தாங்காமல் கோரஸ் (ஒலியைத் தடிமனாக்குவது), ரிவர்ப் (எதிரொலி சேர்ப்பது) என்று எதையாவது ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் அது ஏன் என்று புரிந்தது. வருடக்கணக்காகத் திட்டிய இரைச்சலைக் காது தேடிக்கொண்டிருந்திருக்கிறது. தவில், டிரம்ஸ், பேஸ் எல்லாம் சேர்ந்த கலவையில் இது ஒன்றும் காதில் விழாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது தனியாக வாசிக்கிறவனின் வியாதி.

அப்படியென்றால் பழையதையே வாங்கச் சொல்கிறேனா? இல்லை. தம்பி, இரண்டாவதை வாங்கு. முந்தாநாள் பழையதில் மூன்று மணி நேரம் ஒரு பாட்டுக்கு வாசித்தேன். நன்றாகவே வந்தது. பின்னால் கம்ப்ரெஸ்ஸர் (மெல்லிய சத்தத்தையும் மேலே தூக்கிவிடும் கருவி) போட்டதும் ஒவ்வொரு இடைவெளியிலும் வடை பொரிகிற சத்தம் மேலே ஏறி வந்தது. வாசிக்கச் சொன்னவர் அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். மொத்தத்தையும் இரண்டாவதில் திரும்ப வாசித்து அனுப்பினேன், உடனே சரி என்றார். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

வாங்கப் போகும்போது ஹெட்ஃபோனைக் கையோடு கொண்டுபோ. கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினால் ஒலி ஓயும் அந்த வால் கேட்காது. பேட்டரி எப்போது மாற்றியது என்று கேள். எல்லாம் சொன்ன பிறகும் பழையதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், என்னிடம் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கூடுதலாகக் கிடக்கிறது, எடுத்துக்கொள். அதை மட்டும்தான் தருவேன்.