மார்கழி வாத்துகளுக்கு எது: பள்ளிக்கரணையா, சூளூர்பேட்டையா?

சென்னைக்காரர்கள் வலசை வாத்து பார்க்கக் கிளம்பினால் இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். ஒன்று பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். இன்னொன்று பழவேற்காடு ஏரி, அதிலும் சூளூர்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை. தூரம், செலவு இரண்டிலும் பள்ளிக்கரணைக்குப் போட்டியே கிடையாது. வேளச்சேரியில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தால் முடிந்தது. சூளூர்பேட்டை 80 கிலோமீட்டருக்கு மேல். புறநகர் ரயில் உண்டு, ஆனால் ஏரிச்சாலைக்கு வண்டி வேண்டும்.

ஊசிவால் வாத்தும் தட்டைவாயன் வாத்தும் போதுமென்றால் பள்ளிக்கரணையே சரி. கூட்டத்துக்குள் ஒன்றிரண்டாக ஒளிந்திருக்கும் நாமத்தலை வாத்தையோ கருவால் வாத்தையோ பிரித்தெடுக்க வேண்டுமென்றால் என் ஓட்டு ஏரிச்சாலைக்குத்தான். காரணம், வெயில் விழும் திசை.

மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, தெற்குச் சாய்வாகவே நகர்ந்து, தென்மேற்கில் இறங்கும். பல்லாவரம்-துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் நின்றால் சதுப்பின் பெரும்பகுதி தெற்கே கிடக்கிறது. எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கரிக்கட்டை. ஏரிச்சாலையோ ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுவது. வடக்கே பார்த்து நின்றால் காலையிலிருந்து மாலைவரை சூரியன் முதுகுப்பக்கம்.

இதற்கா 80 கிலோமீட்டர் என்று கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வரும் ஆண் வாத்துகள் பல இன்னும் பெட்டையைப் போலப் பழுப்பாகவே இருக்கும். நாமத்தலையின் நெற்றியில் அந்த வெண்மஞ்சள் நாமம் தெளிவாகத் துலங்க மார்கழி ஆகிவிடும். அதுவரை உருண்டைத் தலை, செங்குத்தான நெற்றி, நுனி கறுத்த சிறிய நீலச்சாம்பல் அலகு ஆகியவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். கருவால் பெட்டைக்கு அலகோரத்து ஆரஞ்சும் சிறகில் ஒரு சின்ன வெள்ளைச் சதுரமும். நிறமே தெரியாத வெளிச்சத்தில் இவை எதுவும் தேறாது.

வெளிச்சம் சரியானாலும் கானல் விடாது. ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் தண்ணீர்ப் பரப்பு நெளியத் தொடங்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) 60 மடங்குக்கு ஏற்றினால் நெளிவுதான் பெரிதாகத் தெரியும். 20, 25 மடங்கிலேயே நிறுத்துங்கள். முக்காலியைத் தாழ்த்தி வைத்து நடுவில் பையைத் தொங்கவிட்டால் காற்றுக்கும் லாரி அதிர்வுக்கும் ஆடாது. சாலை முடிவில் விண்வெளி மையத்தின் காவல் சாவடி இருக்கிறது. கேமராவை அதற்கு வெகுமுன்பே பையில் போட்டுவிடுவது நல்லது.

பள்ளிக்கரணையின் பலம், நினைத்தபோதெல்லாம் போகலாம் என்பது. பெருமழை கொட்டிய வாரத்தில் மட்டும் வேண்டாம். இந்த வாத்துகள் வாலைத் தூக்கித் தலையை அமிழ்த்தி மேய்பவை, முழங்கால் ஆழத்துக்குமேல் எட்டாது. ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகத் தண்ணீர் வடிந்து, ஆழம் குறைந்த திட்டுகள் தெரியத் தொடங்கியதும் கூட்டம் ஓரிடத்தில் சேரும். கோரைக்குள் புகுந்தவற்றைக் காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

பழவேற்காட்டுப் படகைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பழக்கம் குறைவு, ஆனாலும் வாத்துக்கு அது தோதில்லை என்றே படுகிறது. இன்ஜின் சத்தத்துக்குக் கூட்டம் தொலைவிலேயே எழும்பிவிடும், ஆடும் படகில் ஸ்கோப் நிற்காது. போனால் 8 மடங்கு பைனாகுலர் போதும்.