கூட்டு மருந்தோடு "சேர்த்தே சாப்பிடலாம்" என்று கொடுத்த பொட்டலங்கள்

எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள், வீட்டில் யாராவது சாப்பிட்டால் அவர்களும், தயவுசெய்து இதைப் படியுங்கள்.

நான் 11 வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். சில வருடங்களாக டி.எல்.டி. கொடுக்கிறார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில். ராத்திரி சாப்பிட்டுவிட்டு 9 மணிக்குப் போடுவேன், ஒருநாளும் தவறியதில்லை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை, எப்போது எடுத்தாலும் 'கண்டறியப்படவில்லை' என்றே வரும்.

போன வருடம் மூட்டு வலியும் அசதியுமாக இருந்தது. தெரிந்தவர் சொல்லி ஒரு சித்த வைத்தியசாலைக்குப் போனேன். நோயை மறைக்காமல் சொன்னேன். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ் மருந்தை நிறுத்த வேண்டாம் தம்பி. இதையும் அதோட சேர்த்தே சாப்பிடுங்க. ஒரு வருஷத்துல கிருமியே இருக்காது" என்றார். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்தான் போலி என்று, மாத்திரை கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிச் சொல்லி மனதில் பதிந்திருந்தது. இவர் நிறுத்தச் சொல்லவில்லையே, அதனாலேயே நம்பிவிட்டேன்.

மூன்று பொட்டலம். வெள்ளைப் பற்பம், செங்கல் நிறத்தில் செந்தூரம், கறுப்பாக ஒரு மெழுகு. சாயங்காலம் வெறும் வயிற்றில் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும், மாத்திரையையும் அதே நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லை, பில் இல்லை. மண்டலத்துக்கு 6,800 ரூபாய். ஐந்து மண்டலம் சாப்பிட்டேன்.

அடுத்த வைரல் லோடு 2,340. ஆயிரத்தைத் தாண்டினாலே மையத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். கவுன்சலர் மேடம் டப்பாவைக் கொட்டி மாத்திரையை எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. "அண்ணா, வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்றார். இல்லை என்று பொய் சொன்னேன். திட்டுவார்கள் என்று பயம். பத்து நாள் தூக்கம் வராமல், கடைசியில் பொட்டலங்களைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் திட்டவில்லை, டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சங்கு, பவழம், முத்துச்சிப்பி, சிலாசத்து இவற்றைப் புடம் போட்டுச் செய்கிற பற்பங்களில் பெரும்பகுதி கால்சியம்தான். அயச்செந்தூரம் என்றால் இரும்பு. டோலுடெக்ராவிர் வயிற்றில் கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் எதோடு சேர்ந்தாலும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ரத்தத்தில் சரியாக ஏறாது. வெறும் வயிற்றில் கால்சியம் மாத்திரையோடு போட்டாலே ஏறுகிற அளவு 39 சதவீதம் குறைகிறதாம். இரும்பு மாத்திரையோடு 54 சதவீதம். நான் எட்டு மாதம் இரண்டையும் சேர்த்து, அதுவும் வெறும் வயிற்றில் சாப்பிட்டிருக்கிறேன்.

கடையில் வாங்கும் சத்து மாத்திரைக்கும் நெஞ்செரிச்சல் மருந்துக்கும் இதே கதைதான். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னால், இல்லாவிட்டால் 6 மணி நேரம் கழித்து ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போட வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளை மட்டும், சாப்பாட்டோடு என்றால், ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்தே போடலாம்.

கறுப்பு மெழுகில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. ரசகந்தி மெழுகு போன்றவற்றில் பாதரசமும் கந்தகமும் சேர்க்கிறார்கள். டெனோஃபோவிர் சாப்பிடுகிறவர்கள் ஏற்கெனவே சிறுநீரகத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டியவர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் கிரியாட்டினின் எடுத்தார்கள், நல்லவேளை சரியாக இருந்தது.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. 2004-ல் இலவசமாகக் கூட்டு மருந்து வருவதற்கு முன்னால், சென்னை தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் சித்த மருந்தை நம்பித்தான் இருந்தார்கள். எது எதோடு சேராது என்று தெரிந்துகொள்ளாமல் "சேர்த்தே சாப்பிடுங்க" என்றவர் மேல்தான் என் கோபம். எய்ட்ஸைக் குணமாக்கும் என்று எந்த மருந்தையும் சொல்லி விற்கக் கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணையிலேயே இருக்கிறது.

அந்த வைத்தியரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். "உங்க விஷயம் ஊர்ல எல்லாருக்கும் தெரியுமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். வைத்தியத்துக்காக நம்பிச் சொன்னதை நம் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்ல 2017-ம் வருட எச்.ஐ.வி. சட்டம் தடை போடுகிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பொட்டலத்தை நிறுத்தி மூன்று மாதம் கழித்து வைரல் லோடு பழையபடி 'கண்டறியப்படவில்லை' என்று வந்துவிட்டது. அந்த வைத்தியசாலை இன்னும் திறந்துதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்படிப் பொட்டலம் இருந்தால் மையத்தில் காட்டுங்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், காசு ஆகாது.