குஞ்சுப் பெட்டிக்குள் எதை விரிப்பது: உமியா, மரத்தூளா, தும்புத்தூளா, கடல் மணலா?

ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சு வாங்குகிறவர்கள் தீனைப் பற்றி விசாரிப்பார்கள், சூட்டுக்குப் போடும் பல்ப் எத்தனை வாட்ஸ் என்று கேட்பார்கள், ஆனால் அடியில் எதை விரிப்பது என்று வந்தால் கைக்குக் கிடைத்ததைப் போட்டு முடித்துவிடுவார்கள். முதல் வாரத்துக் குஞ்சுக்கு எது தீன், எது தரை என்றே தெரியாது, கண்ணில் படுகிற சின்னத் துணுக்கையெல்லாம் கொத்தும். அதனால் ஈரம் உறிஞ்சுமா என்பதற்கு முன்னால், இது தீனோடு சேர்ந்து உள்ளே போனால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

இந்தக் கேள்வியிலேயே மரத்தூள் தோற்றுவிடும். மரக்காலையில் சுலபமாகக் கிடைக்கும், ஈரத்தையும் நன்றாக இழுக்கும், ஆனால் பொடித்தூளுக்கும் தீன் தூளுக்கும் குஞ்சின் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. நிறையத் தின்றால் கழுத்தடியில் உள்ள இரைப்பையில் கட்டிக்கொள்ளும். விடிய, தீன் வைக்கமுதல், குஞ்சைத் தூக்கி அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். இரவில் தீன் தின்னாமல் இருந்தால் செரித்து வெறுமையாய், தட்டையாய் இருக்கவேண்டும், உருண்டையாய் இறுகித் தட்டுப்பட்டால் அடைப்புத்தான். விழுங்க முடியாத அளவு பெரிய மரச்சீவல் என்றால் பரவாயில்லை, ஆனால் மருந்து அடித்த மரத்தில் வந்தது என்றால் அதுவும் வேண்டாம்.

கடல் மணல் வேண்டவே வேண்டாம். மட்டக்களப்புக் கடற்கரையோரம் கல்லடியில் இருக்கிறவருக்கு அது வாசலிலேயே கிடக்கிறது, ஆசை வரும்தான், ஆனால் அதில் உப்பு இருக்கிறது, குஞ்சுகளுக்கு உப்பு கூடினால் கழிச்சல் வரும், உடம்பில் நீர் கோர்க்கும், செத்தும் போகும். கழுவிக் காயவைத்த ஆற்றுமணல் வளர்ந்த கோழிக்கு நல்லது, குஞ்சுக்கு இரவில் அடிவயிறு குளிர்ந்துவிடும்.

தும்புத்தூளைப் பலர் புகழ்கிறார்கள். தன் எடையைப்போல் பலமடங்கு தண்ணீரைப் பிடிக்கும், உண்மை, ஆனால் பிடித்ததை விடாது. மட்டக்களப்பு மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது அது எங்கே காய்வது? ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில்தான் இரத்தக் கழிச்சல் கிருமி முற்றும், அமோனியா நெடி ஏறிக் குஞ்சின் கண்ணைக் கரிக்கும். கோடையிலோ தூசியாய்ப் பறந்து மூக்கை அடைக்கும்.

பத்திரிகைத்தாள் மலிவு, சுத்தம், ஆனால் வழுக்கும். அதில் வளர்ந்தால் குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகலாம்.

என் தெரிவு உமி, அதுவும் தனியாக இல்லை, முதல் சில நாளும் அதன்மேல் விரித்த ஒரு துணியோடு. உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்கா, அதனால்தான் அது லேசில் உக்காது, கட்டியும் பிடிக்காது. மரத்தூள் அளவுக்கு ஈரம் உறிஞ்சாது என்பது குறைதான், அதை நனைந்த இடத்தை உடனே அள்ளிச் சமாளிக்கலாம். ஆனால் ஆலையில் இருந்து வந்தபடியே கொட்டாதீர்கள். குறுநலும் தவிடும் கலந்திருக்கும், அதைத் தேடியே குஞ்சு விரிப்பைக் கிளறித் தின்னும், எலியும் வரும். அரிதட்டில் அரித்தால் அவை கீழே கொட்டிவிடும், மேலே தங்குகிற உமியை 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, நூல் பிரியாத பழைய சாரத்துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் தீனைத் தூவுங்கள். சொரசொரப்பில் கால் பிடிக்கும், கொத்தினால் தீன் மட்டும்தான் வாயில் வரும். துணியைத் தினமும் மாற்றவேண்டும், அதில் சோம்பல் கூடாது. தட்டில் தின்னப் பழகியதும் துணியை எடுத்துவிடலாம்.

அப்புறம் ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டைபோல் நின்றால் ஈரம் கூடிவிட்டது, மாற்றுங்கள்.

பெரும்போக அறுவடை முடிந்ததும் சம்மாந்துறை, அம்பாறை ஆலைகளில் உமி மலைபோல் கிடக்கும், அப்போதே சில மூட்டை எடுத்துவிடுங்கள். வெறும் நிலத்தில் அடுக்காமல் பலகைமேல் அடுக்குங்கள், மழை தொடங்கினால் அடிமூட்டையில் பூஞ்சணம் பிடிக்கும், அந்த உமியை விரித்தால் குஞ்சுக்கு நுரையீரல் நோய் வரும்.