பிராக் போகிறவர்கள் கவனத்துக்கு: பணம் மாற்றிய ரசீதை உடனே படியுங்கள்

போன மாதம் அப்பாவை செக் நாட்டின் பிராக் நகருக்கு அழைத்துப் போயிருந்தேன். முதல் நாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரச் சதுக்கத்துக்கு நடப்பதற்குள் இருவரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். குடை வாங்கலாம் என்றால் கையில் செக் நாட்டுப் பணமான கொருனா ஒன்றுகூட இல்லை. ஒதுங்க இடம் தேடியபோது கண்ணில் பட்டது ஒரு பணம் மாற்றும் கடை. வாசலில் பெரிய எழுத்தில் ‘கமிஷன் 0%’.

"எவ்ளோ தருவாங்கன்னு முதல்ல கேளுப்பா" என்றார் அப்பா. அவருக்குக் குளிரில் உடம்பு நடுங்கியது, பின்னால் வரிசை வேறு. கேட்காமலே 200 யூரோவை நீட்டிவிட்டேன். அப்பா பென்ஷனில் சேர்த்து, சென்னையிலேயே யூரோவாக மாற்றி எடுத்து வந்த பணம் அது. உள்ளே இருந்தவர் 3,400 கொருனா எண்ணிக் கொடுத்தார். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குடை வாங்க ஓடினோம்.

பதினொரு மணிக்கு வானியல் கடிகாரத்தின் முன் நின்றோம். 1410-இல் நிறுவியது, இன்றும் ஓடுகிறது. அதன் ஜன்னல் திறந்து, இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வரிசையாக வந்து போனதை அப்பா குடையை விலக்கி அண்ணாந்து பார்த்தார். பிறகு சார்லஸ் பாலம், கோட்டை என்று மாலை வரை சுற்றினோம்.

விடுதிக்குத் திரும்பி, ஈரச் சட்டையிலிருந்து ரசீதை எடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "இது எத்தனை மணிக்கு மாற்றியது?" யூரோவுக்கு 24, 25 கொருனா கிடைக்க வேண்டிய நேரத்தில் எங்களுக்குக் கிடைத்தது 17. ஏறக்குறைய 60 யூரோ போய்விட்டது. கமிஷன் வாங்கவில்லைதான், விலையிலேயே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அவர் நேரத்தைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. செக் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் ஒரு சட்டம் அமலில் உள்ளது. 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றிய பணத்தை, மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு அதே கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் மறுக்கவும் முடியாது. கடிகாரத்தைப் பார்த்து முடித்தபோது ரசீதைப் பிரித்திருந்தால் முழுப் பணமும் திரும்பியிருக்கும். நாங்கள் தெரிந்துகொண்டபோது ஏழு மணி நேரம் கடந்திருந்தது.

உண்மையில் ரொக்கமே அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பெரும்பாலான கடைகளில் கார்டு போதும், டிராமுக்குள்ளேயே கார்டைத் தட்டி டிக்கெட் எடுக்கலாம். ரொக்கம் வேண்டுமென்றால் ஒரு வங்கியின் சொந்த ஏடிஎம்மைத் தேடிப் போங்கள். "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அதிலும் இதே போல் விலையில் பிடித்துவிடுவார்கள். தெருவில் யாராவது வந்து அதிகம் தருகிறேன் என்றால் நிற்கவே நிற்காதீர்கள். கொருனா என்று சொல்லி ஹங்கேரி நாட்டுத் தாள்களைக் கையில் திணிப்பவர்கள் உண்டு.

இந்தக் கடைகளை மேற்பார்வை செய்வது செக் தேசிய வங்கி. ரசீதை உலர்த்திப் படம் எடுத்து அவர்களுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.