இழைப்புளித் தகட்டில் நீலம் தெரிந்தால் காசு கொடுக்காதீர்கள்

போன மாதம் பழைய இரும்புக் கடையில் ஒரு மர இழைப்புளி கிடைத்தது. கட்டை வெடித்துப் போயிருந்தது, விறகுக்குத்தான் ஆகும். நான் வாங்கியது தகட்டுக்காக. இரண்டேகால் இஞ்ச் அகலம், முனையில் தடிமனாக இருந்து மேலே போகப்போக மெலிந்திருந்தது. துருவைச் சுரண்டினால் ஷெஃபீல்டு (இங்கிலாந்தின் எஃகு நகரம்), காஸ்ட் ஸ்டீல் என்று முத்திரை.

இந்த மாதிரித் தகடு முழுக்க எஃகு கிடையாது. மெத்தென்ற இரும்பின் மேல், முனைப்பக்கம் மட்டும் மெல்லிய எஃகை உலையில் வைத்து அடித்து ஒட்டியிருப்பார்கள். முனையின் சரிவான முகத்தைக் கல்லில் தீட்டினால் இரண்டும் சேரும் கோடு தெரியும். எஃகு பளிச்சென்றும் இரும்பு சாம்பலாகவும் இருக்கும். மரத்தை வெட்டுவது அந்தப் பளிச்சென்ற கீற்று மட்டும்தான்.

கையால் தீட்ட சோம்பல்பட்டு ஒரு சாணைக் கடையில் கொடுத்தேன். கடை எது என்பது இருக்கட்டும். "மெஷின் பிளேடு எல்லாம் நம்மகிட்டதான் சார் வருது" என்றார். 300 ரூபாய், நாலு நாள்.

திரும்பி வந்தபோது முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. முத்திரையில் பாதி எழுத்தைக் காணோம், பஃப், அதாவது பளபளப்பாக்கும் துணிச் சக்கரம், போட்டே தேய்த்திருக்கிறார். சரி, போகட்டும் என்று வீட்டுக்கு வந்து வேறு கட்டையில் மாட்டித் தேக்குப் பலகையில் வைத்தேன். முதல் நாலு இழுப்பு சுருள் சுருளாக வந்தது. பத்தாவது இழுப்பில் தூள்தான். தேக்கு எந்த முனையையும் சீக்கிரம் மழுக்கும், தெரிந்த விஷயம். ஆனால் பத்து இழுப்பிலா? தகட்டைக் கழற்றிப் பார்த்தால் முனை உடையவில்லை, ஈயம் மாதிரி மடங்கியிருந்தது.

அப்போதுதான் ஒரு ஓரத்தில் பஃப் படாமல் தப்பிய நீலக் கீற்று கண்ணில் பட்டது. இந்தப் பழைய கார்பன் எஃகு, சூடேறி வைக்கோல் நிறத்துக்கு வரும் சூட்டில், அதாவது 220, 230 டிகிரியில் பதம் பிடித்தது. சாணையில் நீலம் ஓடினால் சூடு 300 டிகிரி பக்கம் போய்விட்டது, பதம் போச்சு, எஃகு மெத்தென்று ஆகிவிடும். பஃப் போட்டால் நிறம் மறையும், பதம் திரும்பாது. அரத்தை வைத்துப் பார்த்தேன். சூடு படாத எஃகில் வழுக்கிய அரம் முனையில் சுகமாகக் கடித்தது.

அது போதாதென்று தட்டைப் பக்கத்திலும் சரிவு போட்டிருந்தார், கத்திக்குப் போடுவது போல. எஃகு இருப்பதே அந்தப் பக்கம்தான். வெட்டும் தகட்டின் மேல் திருகி வைக்கும் மேல் தகடு படிந்து உட்கார வேண்டியதும் அங்கேதான். இப்போது நடுவில் இடைவெளி, சீவல் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்கிறது.

போய்க் கேட்டேன். "காஸ்ட் ஸ்டீல்னா வார்ப்பிரும்புதானே சார், அது இவ்வளவுதான் நிக்கும்" என்றார். அது வார்ப்பிரும்பு இல்லை, மூசையில், அதாவது சூடு தாங்கும் மண் குடுவையில், உருக்கிய எஃகு. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஷெஃபீல்டு பக்கம் கொண்டுவந்த முறை. சொன்னேன், சிரித்தார். காசு திரும்பவில்லை.

அவர் வேண்டுமென்றே கெடுத்தார் என்று நினைக்கவில்லை. தினமும் அவர் கைக்கு வருவது ஹைஸ்பீடு ஸ்டீல் பிளேடு. அது 500 டிகிரி சூட்டையும் தாங்கும், நீலம் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தை என் தகட்டில் காட்டிவிட்டார். அதனால் கொடுக்கும் முன் கேளுங்கள்: தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடிப்பீர்களா, தட்டைப் பக்கத்தைத் தொடாமல் விடுவீர்களா? பதில் இழுத்தால் தகட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். தீட்டியதைத் திரும்ப வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், ஓரங்களைப் பாருங்கள்.

என் தகட்டில் நீலம் ஓடிய 5 மில்லிமீட்டரைக் கையால் சுற்றும் சாணையில் எடுத்தேன். விரல் சூடு பொறுக்காத ஒவ்வொரு முறையும் தண்ணீர். தட்டைப் பக்கச் சரிவும் அதோடு போனது. அப்புறம் கண்ணாடிமேல் வாட்டர் பேப்பர் ஒட்டித் தட்டைப் பக்கத்தைச் சமன் செய்து, 25 டிகிரிச் சரிவில் பிடித்து, முனையை மட்டும் 30 டிகிரியில் எண்ணெய்க் கல்லில் தீட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. எஃகும் இரும்பும் சேரும் கோடு மறுபடி தெரிகிறது, அதே தேக்குப் பலகையை முழுசாக இழைத்து முடித்தாயிற்று. முத்திரையில் "ஸ்டீல்" மட்டும்தான் மிச்சம்.