நன்னாரி: சோடாவா, பாணியா?

நன்னாரியை விற்பனைக்கு இறக்க நினைக்கிறவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது இதுதான். இரண்டுக்கும் பழைய முன்மாதிரி உண்டு. வன்னிக்குப் பாணிதான் சரி.

சோடா வழிக்கு மொக்சி. அமெரிக்காவின் லோவெல் நகரில் வைத்தியர் ஒகஸ்டின் தொம்சன் 1876இல் நரம்புக்கு நல்லதென்று விற்ற மருந்து அது. ஜென்ஷன் வேரின் கசப்பு, நிலவேம்புபோல வாயை விட்டு இலகுவில் போகாது. 1880களில் சோடாவானது. 1906இல் உணவு, மருந்துச் சட்டம் வந்தபின் மருந்துப் பேச்சை விட வேண்டி வந்தது. (லேபலில் 'சலக்கடுப்பு மாறும்' என்று போட நினைப்பவர்கள் கவனிக்க.) 2018இல் கொக்கா கோலா வாங்கிவிட்டது.

பாணி வழிக்கு ரூஹ் அஃப்சா. 1907இல் டில்லியில் ஹக்கீம் அப்துல் மஜீத் வெக்கைக்கென்று காய்ச்சியது. நாடு பிரிந்தபின் ஒரு மகன் டில்லியில் இருக்க, மற்றவர் கராச்சிக்குப் போனார். பாணியும் இரண்டு இடத்திலும் ஓடியது.

ருசி, விலை எல்லாம் பிறகு. எது கெடாமல் நிற்கும் என்பதே கேள்வி. சோடாவில் சீனி பத்து வீதமளவுதான். கொஞ்சம் ஈஸ்ட் புகுந்தாலும் புளித்து, கண்ணாடிப் போத்தல் வெடிக்கும். காஸ் தண்ணீரில் கரையக் குளிர் வேண்டும்; 25 பாகையில் கரைவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு 4 பாகையில் கரையும். ஓகஸ்ட் வெயிலில், கரண்ட் போய்வரும் இடத்தில் இது வீண் செலவு.

பாணியில் சீனியே காவல். காய்ந்த வேர் 200 கிராமைக் கழுவி, இடித்து, நடுவிலுள்ள வெள்ளைக் கட்டையை எறியுங்கள், வாசம் தோலில்தான். ஒன்றரை லீற்றர் சுடுதண்ணீரில் இரவு முழுக்க மூடி ஊறவிட்டு வடியுங்கள். வேரைக் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். வடித்த ஒரு லீற்றருக்குச் சீனி 2 கிலோ, சிறு தீயில் கரையும்வரை மட்டும். இரண்டு தேசிக்காய்ப் புளி விட்டால் சீனி கட்டியாகி அடியில் இறங்காது. இறங்கினால் மேலே உள்ள பாணி நீர்த்துப் பூசணம் பிடிக்கும்.

பலர் பிழைவிடுவது போத்தலில். உள்ளே ஈரமிருந்தாலும், அரைச்சூட்டில் மூடினாலும், மூடியில் வேர்த்த நீர் சொட்டி மேற்பரப்பை நீர்க்கச் செய்யும். பூசணம் அங்கேதான் தொடங்கும். நன்றாகக் காய்ந்த போத்தலில், கொதி தணியுமுன் வார்த்து, மூடி, சற்றுநேரம் கவிழ்த்து வையுங்கள். மூன்று மாதம் தாராளமாக நிற்கும். அதற்கு மேல் அடித்துச் சொல்வதற்கில்லை. பனங்கட்டிக்கு இந்த அளவு பொருந்தாது, அதில் ஈரம் கூட.

கணக்கும் பாணிப் பக்கம்தான். 750 மில்லிப் போத்தலில் 40 மில்லி வீதம் 18 குவளை. மாங்குளத்திலிருந்து வவுனியாவுக்கு ஒரு பெட்டி சோடா ஏற்றும் இடத்தில் எத்தனை குவளைக்கான பாணி போகும் என்று பாருங்கள்.

சோடாவேதான் வேண்டுமென்பவருக்குக் கூல்பாரிலேயே கலந்து கொடுக்கலாம். குவளையில் பாணியை முதலில் விட்டு, சோடாவைச் சரித்து ஊற்றுங்கள். மாறி ஊற்றினால் நுரை பொங்கி மேசையெல்லாம் வழியும்.