ஸ்டீராய்டுக்கு அடங்காத கொலைட்டிஸ்: ஆக்சிஜன் அறையா, இன்ஃப்ளிக்சிமாபா?

என் தங்கைக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) முற்றி, ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை இரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஒரே பேச்சு: "ஆக்சிஜன்ல படுக்க வைங்கண்ணே, ஊசி மருந்தே வேண்டாம்." அழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆக்சிஜன் சுவாசிப்பது, அழற்சியை அடக்க நரம்பில் ஏற்றும் இன்ஃப்ளிக்சிமாப், இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இது இரண்டில் ஒன்றைப் பொறுக்குகிற காரியமே இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டர்பனில் நாங்கள் முதலில் போனது ஒரு தனியார் நலவாழ்வு நிலையம். ஜிப் வைத்த துணிப்பை மாதிரி ஒரு அறை, அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தின் 1.3 மடங்குதான். நெஞ்சு எக்ஸ்ரே கேட்கவில்லை, ஆறு வாரப் பணத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். மருத்துவமனை அறை வேறு. அங்கே 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்தில் 100 சதவீத ஆக்சிஜன், ஒரு அமர்வு சுமார் 90 நிமிடம். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் சிவப்பணுக்களை மட்டும் நம்பாமல் இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கரைந்து, மூச்சுத் திணறிக் கிடக்கும் குடல்சவ்வு வரை போகிறது. துணிப்பையை நம்பி ஒரு நாள்கூடக் கழிக்காதீர்கள்.

மருத்துவமனை அறைக்கு என்ன ஆதாரம்? 2018இல் வெளியான ஆய்வில் 18 பேர், எல்லோரும் ஸ்டீராய்டிலேயே இருந்தவர்கள். ஐந்தாம் நாள், ஆக்சிஜன் பெற்ற 10 பேரில் 5 பேருக்கு நோய் அடங்கியது. ஒப்பிடுவதற்கான போலி அமர்வு பெற்ற 8 பேரில் ஒருவருக்குமில்லை. நம்பிக்கை தருகிறதுதான். ஆனால் ஆள் சேராமல் பாதியில் நின்ற ஆய்வு அது. ஸ்டீராய்டோடு சேர்த்துத்தான் பலன் வந்தது, அதை நிறுத்திவிட்டு அல்ல.

இன்ஃப்ளிக்சிமாபுக்கு அனுபவம் அதிகம். ஸ்டீராய்டுக்கு மசியாத 45 பேரை வைத்து 2005இல் வந்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் பெருங்குடலை எடுக்க வேண்டிவந்தது மருந்து பெற்ற 24 பேரில் 7 பேருக்கு, பெறாத 21 பேரில் 14 பேருக்கு. முதல் ஊசிக்குப் பின் 2, 6ஆம் வாரங்களிலும், பிறகு எட்டு வாரத்துக்கொரு முறையும் ஏற்றித் தொடரலாம். விலைதான் கையைக் கடிக்கும். மெடிக்கல் எய்டிடம் (மருத்துவக் காப்பீடு) முன் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நம் நாட்டில் காசநோயை மறக்கக் கூடாது. உள்ளே உறங்கும் கிருமியை இன்ஃப்ளிக்சிமாப் எழுப்பிவிடலாம். பழைய காசநோய் சிதைத்த நுரையீரலோ, அறையின் அழுத்தம் இறங்கும்போது கிழியலாம். இரண்டுக்கும் எக்ஸ்ரே முந்தியே வேண்டும்.

முதல் அமர்வுக்கு முன் நர்ஸ் தங்கையின் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "எண்ணெய் இருக்கு, கழுவிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். தீ பிடிக்கும் பயம். நைலான் சேலையும் ஆகாது, பருத்தி அங்கி மட்டும். கதவு மூடியதும் காது அடைத்தது; மூக்கைப் பிடித்து ஊதி ஊதித்தான் சமாளித்தாள்.

அவள் நிலை தேறியது அறையாலா ஸ்டீராய்டாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தொடர்ந்து காப்பது இன்ஃப்ளிக்சிமாப். ஸ்டீராய்டு ஏற்றிய மூன்றாம் நாள் காலை எத்தனை தடவை போனது, இரத்தம் குறைந்ததா என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். குறையவில்லையென்றால் அறைக்காகக் காத்திருக்காமல் இன்ஃப்ளிக்சிமாபைக் கேளுங்கள். சர்ஜனும் அன்றே வந்து பார்க்கட்டும்.